கர்ணப் புறாவில் பரம்பரையும் தொற்றும்: ஜெலாப்பாங் வளர்ப்போரை முன்வைத்து

கர்ணப் புறா வளர்ப்பவர் பருவந்தோறும் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும்: எந்த ஆணை எந்தப் பெட்டையோடு ஜோடி போடுவது, எந்தப் பறவையைக் கழிப்பது. இரண்டையும் அவர் கண்ணால் கண்டதை வைத்தே முடிவு செய்கிறார். வானத்தில் அது எத்தனை சுற்று புரண்டது, எவ்வளவு ஆழம் இறங்கியது, மீண்டும் கூட்டத்தோடு சேர்ந்ததா என்பவையே அவருடைய கணக்கு. மற்ற வளர்ப்புப் பறவைகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பிழைக்காது. கர்ணப் புறாவில் பிழைக்கும். பறக்கும்போதே கர்ணம் அடிப்பது என்ற, நரம்பு வழியாக வரும் ஒரு பரம்பரைப் பண்புக்காக வளர்க்கப்படும் பறவை இது; அதை அதிகம் தாக்கும் நோய்களில் இரண்டு நரம்பையே தாக்குகின்றன. ஆகவே நோய் எது, பரம்பரை எது என்று பிரித்தறியாமல் செய்யப்படும் தேர்வு தேர்வே ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பண்பின் தொன்மையில் ஐயமில்லை. அக்பரின் அவையில் 20,000-க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதுகிறார். தேர்ந்தெடுத்த புறா ஒன்று இரை வைப்பதற்கு முன் 15 சுழற்சியும் 70 கர்ணமும் அடித்தது என்பது அவர் தரும் கணக்கு. 1868-இல் வெளியான தம் நூலில் டார்வின், தரையிலேயே உருளும் இந்திய லோட்டன் புறாவை விவரிக்கிறார். லேசாகக் குலுக்கித் தரையில் விட்டால், யாரேனும் எடுத்து அமைதிப்படுத்தும் வரை அது உருண்டுகொண்டே இருக்குமாம். 1972-இல் என்ட்ரிகின், எர்வே இருவரும் செய்த கலப்பு ஆய்வு, இப்பண்பு ஒடுங்கு மரபணு ஒன்றாலும் அதன் வீரியத்தைக் கூட்டிக் குறைக்கும் வேறு மரபணுக்களாலும் அமைவதாகக் கூறியது. அண்மையில் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருளும் புறாவைப் பந்தயப் புறாவோடு கலந்தபோது முதல் தலைமுறை உருளவில்லை. அடுத்த தலைமுறையில் ஒரு பகுதி உருண்டது. அங்கும் மரபணுத் தொகுதியின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொடர்பு தென்பட்டது.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி முக்கியமானது. கர்ணம் என்பது உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரியும் பண்பு அன்று. அதற்கு அளவு உண்டு. ஆழமாக இறங்கும் ஆணையும் அதேபோன்ற பெட்டையையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால், வீரியத்தைக் கூட்டும் மரபணுக்கள் குவிந்து, புரளலை நிறுத்த முடியாத குஞ்சுகள் வரும். அவை கூரையிலும் தார்ச்சாலையிலும் மோதிச் சாகின்றன. அனுபவசாலிகள் ஆழமான பறவைக்கு நிதானமான பறவையை ஜோடி போடுவது இதனால்தான். அந்த வழக்கம் சரியானது.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. மோதிச் செத்த பறவையின் பெற்றோரை வளர்ப்பவர் கழித்துவிடுகிறார். ஆனால் அந்தப் பறவை விழுந்தது பரம்பரையால்தானா?

1970-களின் இறுதியில் மேற்காசியாவிலும் 1981 முதல் ஐரோப்பாவிலும் புறாக்களிடையே ஒரு பாராமிக்சோ வைரஸ் பரவியது. கம்பத்துக் கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், எந்த வைரஸால் வருகிறதோ அதன் புறா வடிவம் இது. முதலில் எச்சம் நீராகப் போகும். பிறகு கழுத்து திருகும், தலை நடுங்கும், பறவை பின்னோக்கி நடக்கும், பறக்க முயன்றால் தலைகுப்புற விழும். பந்தயப் புறா வைத்திருப்பவர் இதைக் கண்டதும் நோய் என்று சொல்லிவிடுவார். கர்ணப் புறாக்காரர் மட்டுமே ‘இரத்தம் சூடாகிவிட்டது’ என்று பரம்பரையின் மேல் பழியைப் போடக்கூடியவர்.

சால்மொனெல்லா இன்னும் கொடியது. இந்தப் பாக்டீரியாவும் கழுத்தைத் திருக்கும், இறக்கை மூட்டுகளை வீங்கவைக்கும். வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரியும் தாய் அதைச் சுமந்தபடி முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுக்க முடியும். முட்டைக்குள்ளேயே கரு சாவது, ஒரே ஜோடிக்கு ஈட்டுக்கு ஈடு கோளாறான குஞ்சு பிறப்பது, பக்கத்துப் பெட்டியில் எல்லாம் நன்றாக இருப்பது ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தால் எந்த வளர்ப்பவரும் பரம்பரைக் குறை என்றே எழுதி வைப்பார். கிருமி பரம்பரையைப் போலவே குடும்ப வழியில் இறங்குகிறது. ஆணும் பெட்டையும் தொண்டைப்பையிலிருந்து ஊட்டும் பாலும் தொற்றுக்கு இன்னொரு வழியாகிறது. இப்படிப் பெற்ற குறிப்பேட்டை வைத்து ஐந்தாறு ஆண்டு தேர்வு செய்தால், நல்ல இரத்தம் வெளியே போய்விடும். கிருமி கூண்டிலேயே இருக்கும்.

அறிகுறியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கை உள்ளடக்கிய கிந்தா வட்டாரம் மறந்திருக்க முடியாது. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மரணம் நிற்கவில்லை. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அது நிப்பா என்ற புதிய வைரஸ் என்று கண்டறியப்பட்டது. அதற்குள் நோய் மற்ற மாநிலங்களுக்குச் சென்றுவிட்டது. மலேசியாவில் 105 உயிர்கள் போயின. அந்தப் பெருந்துயரையும் புறாக் கூண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் காரணத்தைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறாகப் போகும் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

ஜெலாப்பாங்கில் கூண்டு வைத்திருப்பவர் இதற்காக விஞ்ஞானி ஆக வேண்டியதில்லை. தரையில் இரை தின்னும்போது பறவையைக் கவனிப்பதே முதல் சோதனை. பறந்து கர்ணம் அடிக்கும் நலமான புறா தரையில் சோளத்தைக் குறி தவறாமல் கொத்தும். வைரஸ் தாக்கியது மணிக்குப் பக்கத்தில் கொத்தும், எடுத்ததைத் தவறவிடும். வயதும் ஒரு சான்று. கர்ணம் பறக்கத் தொடங்கிய பின்னரே, பெரும்பாலும் சில மாதங்கள் கழித்தே, வெளிப்படுகிறது. கூட்டில் இருக்கும் குஞ்சுக்குக் கழுத்து திருகினால் அதைக் கர்ணத்தின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரே மாதத்தில் உறவில்லாத பல பறவைகள் விழுந்தாலும் அப்படித்தான்.

முட்டை மாற்றி அடை வைப்பது இரண்டாவது வழி. நல்ல ஜோடியிடமிருந்து அதிகக் குஞ்சு எடுக்க இதைப் பலரும் ஏற்கெனவே செய்கிறார்கள். அதையே சோதனையாக மாற்றலாம். நலமான ஜோடியின் முட்டை சந்தேகத்துக்குரிய ஜோடியின் கீழ் பொரிந்து குஞ்சு நோயுற்றால், அங்கே பேச வேண்டியது தொற்றைப் பற்றியே. சந்தேகத்துக்குரிய ஜோடியின் முட்டை வேறு பெட்டியில் பொரிந்தும் கோளாறு வந்தால் பரம்பரையோ முட்டை வழிக் கிருமியோ காரணமாகலாம். அந்த இடத்தில் கண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. பொரியாத முட்டையும், பல நாள் சேர்த்த எச்சமும் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். சால்மொனெல்லா எல்லா நாளும் எச்சத்தில் வெளிப்படுவதில்லை. வளர்ப்புத் தாயாக வைக்கும் ஜோடியைத் தனிக் கூண்டில் வைப்பதும் அவசியம். ஜெலாப்பாங்கிலிருந்து பார்த்தால் ஆய்வுக்கூடம் தொலைவில் இல்லை. 1948-இல் தொடங்கப்பட்ட கால்நடை ஆய்வுக் கழகம் இதே ஈப்போ நகரில், சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் இருக்கிறது.

‘தாங்குவது தங்கட்டும், மற்றது போகட்டும்’ என்ற எதிர்வாதம் வலுவானதாகத் தோன்றும். நோயில் பிழைத்ததையே ஜோடி போட்டால் உறுதியான வம்சம் கிடைக்கும் என்பார்கள். இயற்கைத் தேர்வைப் போலத் தெரியும் இந்தக் கருத்தில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. பாராமிக்சோவில் பிழைத்த பறவைக்குக் கிடைப்பது பட்டுப் பெற்ற எதிர்ப்புச் சக்தி. தாய் வழியாகக் குஞ்சுக்கு அது சில வாரம் துணை நிற்கலாம், வம்சத்தில் தங்காது. சால்மொனெல்லாவில் பிழைத்த பறவையோ பெரும்பாலும் கிருமி சுமப்பதாகவே ஆகிவிடுகிறது. உறுதியானது என்று நாம் முதலிடத்தில் வைப்பதே அடுத்த ஆண்டின் நோயூற்றாக இருக்கும். பத்திருபது ஜோடி கொண்ட சிறு கூண்டில் இப்படி ஒரு சுற்றுக் கழிப்பு நடந்தால் எஞ்சுவது நெருங்கிய உறவுப் பறவைகளே. பொரிக்கும் திறன் அங்கிருந்து சரியத் தொடங்கும்.

தடுப்பூசி இந்தக் குழப்பத்தில் பாதியைத் தீர்க்கும். கழுத்துத் தோலுக்கடியில் போடும் செயலிழந்த வைரஸ் ஊசியே புறாவுக்கு உரியது. கோழிக்கென விற்கும் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது போதாது. குளிர்ச்சி கெடாமல் மருந்தைக் கொண்டுவருவது நம் வெப்பத்தில் கடினம் என்பது உண்மை. அந்தத் தடையை நீக்கவே கம்பத்துக் கோழிகளுக்காக 1980-களில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில் வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். புறா வளர்ப்போருக்கும் அத்தகைய கவனம் கிடைக்க வேண்டும். இது பொழுதுபோக்காளர்களின் தனிக் கவலை அன்று: 1984-இல் பிரிட்டனில் லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளின் தீவனத்தை நோயுற்ற புறாக்கள் அசுத்தப்படுத்தியதால் வைரஸ் கோழிப் பண்ணைகளுக்குள் புகுந்தது. கோழி வளர்ப்பு மிகுந்த பேராக்கில் இதை எளிதாகக் கடந்துவிட முடியாது.

நோய் வந்துபோன பருவத்தின் குறிப்புகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு என் விடை கடுமையானது. அப்பருவத்தில் எழுதிய கர்ண மதிப்பெண்கள் அனைத்தையும், நல்லவை உட்பட, தேர்வுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பிழைத்தவற்றை எச்சப் பரிசோதனை தூய்மையாக வரும் வரை ஜோடி போடாமல் நிறுத்தி, அடுத்த பருவத்தில் புதிதாகப் பறக்கவிட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.