சொல்தா பென்ஷனும் கடிதம் படித்துச் சொன்னவர்களும்

போன எபிசோடில் கீழூர் வாக்கெடுப்போடு நிறுத்தினோம். 1954 அக்டோபர் 18, மொத்தம் 178 பேர், அதில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். அதுக்கப்புறம் கதை கொடியேற்றத்தோட முடிஞ்சிடுச்சுன்னுதான் பொதுவா சொல்லுவாங்க. பென்ஷன் வாங்கிக்கிட்டிருந்தவங்களுக்கு அது முடியவே இல்லை.

புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் எல்லாருக்கும் புரியும். பிரெஞ்சுப் படையில் இருந்தவர் வீடு. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதன்பின் இந்தோசீனாவுக்குப் போனவர்கள் ஏராளம். திரும்பி வந்தவர்களுக்குப் பென்ஷன் உண்டு.

1956 மே 28-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றைக்கு இங்கே வசித்தவர்கள், ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியராகிவிடுவார்கள். நிறைய பேர் எழுதிக் கொடுக்கவில்லை. சிலருக்கு விஷயமே சரியாகத் தெரியாது. சிலருக்கு நிலம், சொந்தபந்தம் எல்லாம் இங்கே.

அதற்குள் பாரிசில் வேறொன்று நடந்திருந்தது. 1959 டிசம்பர் 26 தேதியிட்ட நிதிச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, பழைய காலனிகளின் குடிமக்களாகிவிட்டவர்களின் பென்ஷன் தொகையை அப்படியே உறைய வைத்தது. பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'கிரிஸ்தலிசாசியோன்'. பாகு இறுகிக் கற்கண்டாகிற மாதிரி, அதுக்கு மேல் கரையாது, வளராது. பிரான்சில் விலைவாசி ஏற ஏற பிரெஞ்சுக் குடிமகனின் பென்ஷன் ஏறியது. ஒரே படைப்பிரிவில் நின்ற அவருடைய தோழர் இந்தியராகிவிட்டிருந்தால், பழைய தொகைதான்.

தொகை குறைஞ்சா தரகருக்கு அங்கே வேலை இருக்காதுன்னு தோணும். உண்மையில் நேர்மாறு. பென்ஷன் கடிதங்கள் வருவது பிரெஞ்சில். வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று அனுப்ப வேண்டும். விதவை என்றால் திருமணப் பதிவு வேண்டும். அதோடு இந்தப் பெயர்ச் சிக்கல்: 'மு' என்ற ஒலியைப் பிரெஞ்சுக்காரர் மூன்று எழுத்தில் எழுதுவார், ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. முருகையன் என்ற ஒரே ஆள் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒருவர், இந்திய ரேஷன் கார்டில் இன்னொருவர். இந்த இடைவெளியில்தான் 'நான் முடிச்சுத் தர்றேன்' என்று ஒருவர் வந்து உட்காருகிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாட்டிக்கு விதவைப் பென்ஷன் வாங்கித் தந்தவர், கூலியாக முதல் ஆறு மாதப் பணத்தைக் கேட்டார். சரி, உழைப்புக்குக் கூலி என்று கொடுத்தார்கள். ஆனால் பென்ஷன் புத்தகத்தையும் அவரே வைத்துக்கொண்டார். பணம் வரும்போதெல்லாம் பாட்டி அவரிடம் போய் நிற்க வேண்டும். எனக்கு உறுத்துவது அந்தப் புத்தகம்தான். கூலி ஒரு நாள் முடியும், புத்தகம் கையில் இருக்கிற வரைக்கும் பிடி விடாது.

இது புதுச்சேரியின் தனி வியாதி இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862-இல், படைவீரர் பென்ஷனுக்கு மனு எழுதித் தருகிறவர் 5 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1864-இல் அது 10 டாலர் ஆனது. அந்த 10 டாலர் 1988 வரை ஓடியது! நல்ல வக்கீல் யாரும் அந்தக் காசுக்கு வரமாட்டார் என்பது அதன் மறுபக்கம். பிரிட்டிஷ் இந்தியா வேறு வழியில் போனது. 1871-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இனி வரப்போகும் பென்ஷனை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்கிறது. கூலிக்கு வரம்பு வைப்பதைவிட இது கூர்மையான யோசனை என்பது என் கருத்து. புத்தகத்தைப் பிடித்து வைக்கிறவரின் வேரில் கை வைக்கிறது.

உறைந்த பென்ஷனை உடைத்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். 2001 நவம்பர் 30-இல், தியோப் என்ற செனகல் படைவீரரின் வழக்கில், இது பாகுபாடு என்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் சொன்னது. அரசு 2002-இல் பாதி வழிக்கு வந்தது: வசிக்கும் நாட்டின் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவோம் என்றது. அதாவது, புதுச்சேரியில் அரிசி மலிவு, அதனால் உனக்குக் குறைவு! 2006-இல் 'அந்திஜேன்' திரைப்படம் வந்த நேரத்தில், போர்வீரர் உதவித்தொகையையும் ஊன ஓய்வூதியத்தையும் சமமாக்குவதாக அதிபர் ஷிராக் அறிவித்தார். மிச்சம் இருந்த பாகுபாட்டை 2010 மே 28-இல் அரசியலமைப்பு மன்றம் ரத்து செய்தது. நம்ம ஒப்பந்தம் கையெழுத்தான அதே மே 28, 54 வருஷம் கழிச்சு.

2011-இல் இருந்து புதிய தொகை. ஆனால் சேவைப் பென்ஷன் தானாக உயராது, கேட்டு மனுப் போட வேண்டும். மறுபடியும் கடிதம், சான்று, பெயர் எழுத்து. மறுபடியும் அதே ஆள்.

உங்க வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் 'லிவ்ரே மிலித்தேர்', அதாவது படைவீரர் கையேடு, இருந்தால் எடுத்துப் பாருங்க. அதில் 'மத்ரிக்யூல்' என்று ஒரு எண் இருக்கும். பிரான்சின் போ நகரில் இருக்கும் படைவீரர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது அந்த எண் ரொம்ப உதவும். யாராவது உதவிக்கு வந்தால் நகலைக் கொடுங்க. அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.