யூ.எஸ்.பி.க்கு மாறிய ஃப்ளாப்பி டிரைவ்

அமெரிக்காவின் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் 1976இல் எஸ்.ஏ.400 என்ற ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐ.பி.எம். 1971இல் அறிமுகப்படுத்திய எட்டு அங்குல டிரைவைவிட அது சிறியது, விலையும் குறைவு. அதன் பின்புறம் இருந்த 34 பின் இணைப்பு, சிறு மாறுதல்களோடு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. பிற்பாடு பெர்சனல் கம்ப்யூட்டர்களில் வந்த மூன்றரை அங்குல டிரைவுகளும் பெரும்பாலும் அதே கேபிளில்தான் மாட்டப்பட்டன.

அந்தக் கேபிளில் என்ன ஓடியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வந்த சிக்கல் புரியும். மோட்டாரைச் சுற்று, தலையை ஒரு டிராக் உள்ளே நகர்த்து, எழுதத் தொடங்கு என்ற அளவிலான கட்டளைகளே கணினியிலிருந்து டிரைவுக்குப் போயின. டிரைவிலிருந்து தரவாக வந்ததோ, வட்டின் பரப்பில் காந்தத் திசை மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். எந்தத் துடிப்புக்கு என்ன பொருள், ஒரு செக்டர் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் டிரைவுக்குத் தெரியாது. கணினிக்குள் இருந்த கன்ட்ரோலர் சில்லு அதைப் பார்த்துக்கொண்டது.

இதனால் ஒரே வட்டில் ஆளுக்கொரு முறையில் எழுத முடிந்தது. சாதாரண அடர்த்தி கொண்ட மூன்றரை அங்குல வட்டில் ஐ.பி.எம். வழி வந்த கணினிகள் டிராக்குக்கு 9 செக்டர் வைத்து 720 கிலோபைட் எழுதின. கொமடோர் நிறுவனத்தின் அமிகா கணினி, செக்டர்களுக்கு நடுவே விடும் இடைவெளியை நீக்கி, அதே வட்டில் 11 செக்டர் வைத்து 880 கிலோபைட் எழுதியது. ஆப்பிள் மெக்கின்டாஷ் வேறொரு வழியில் போனது. வெளி டிராக்குகளின் சுற்றளவு அதிகம் என்பதால், தலை அங்கே நிற்கும்போது மோட்டாரின் வேகத்தைக் குறைத்துக் கூடுதல் செக்டர்களை எழுதி, 800 கிலோபைட்டை எட்டியது.

1998இல் ஆப்பிள் வெளியிட்ட ஐமேக்கில் ஃப்ளாப்பி டிரைவே இல்லை; யூ.எஸ்.பி. வாசல்கள் இருந்தன. கையில் பெட்டி பெட்டியாக ஃப்ளாப்பி வைத்திருந்தவர்களுக்காக, வெளியே செருகும் யூ.எஸ்.பி. டிரைவுகள் உடனே சந்தைக்கு வந்தன. அவை கணினியோடு பேசும் கட்டளைத் தொகுப்பான யூ.எஃப்.ஐ. அதே ஆண்டு டிசம்பரில் வரையறுக்கப்பட்டது. டெல் 2003இல் சில மேசைக் கணினிகளில் ஃப்ளாப்பி டிரைவை வழக்கமான பாகமாகத் தருவதை நிறுத்தியது. அதன் பிறகு பலருக்கும் இந்தச் சிறு பெட்டிதான் ஒரே வழி.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது மடிக்கணினிக்குச் செய்த ஒல்லியான ஃப்ளாப்பி டிரைவ். பட்டையான 26 பின் கேபிள் ஒன்று அதிலிருந்து ஒரு சிறு பலகைக்குப் போகிறது. அந்தப் பலகையில்தான் யூ.எஸ்.பி. சில்லு இருக்கிறது. முன்பு கணினிக்குள் இருந்த கன்ட்ரோலர் இப்போது பெட்டிக்குள் குடிபெயர்ந்துவிட்டது. கணினி இனித் துடிப்பைக் கேட்க முடியாது. ‘இந்த எண்ணுள்ள செக்டரைக் கொடு’ என்று மட்டுமே கேட்கலாம். சில்லுக்குத் தெரிந்ததோ 720 கிலோபைட், 1.44 மெகாபைட், சிலவற்றில் ஜப்பானிய வடிவம் ஒன்று. அமிகா வட்டையோ பழைய மெக்கின்டாஷ் வட்டையோ போட்டால், நல்ல வட்டாக இருந்தாலும் படிக்க முடியாது என்றே பதில் வரும். வேகமும் கூடவில்லை. யூ.எஸ்.பி. நொடிக்கு 12 மெகாபிட் கடத்த வல்லது, 1.44 மெகாபைட் வட்டு தருவது நொடிக்கு அரை மெகாபிட் மட்டுமே. இணைப்பு புதிதானபோது டிரைவின் திறமை குறைந்தது என்பதே உண்மை.

ஐந்தேகால் அங்குலத்துக்கு இந்த அளவு வசதிகூடக் கிடைக்கவில்லை. யூ.எஸ்.பி. வந்தபோது அந்த வட்டின் காலம் முடிந்திருந்ததால், யாரும் அதற்கு யூ.எஸ்.பி. டிரைவ் தயாரிக்க முன்வரவில்லை. பழைய டிரைவை வைத்துக்கொண்டு, எஃப்.சி.5025 போன்ற தனிப் பலகை மூலம் இணைப்பதே வழியாயிற்று.

ஐயோமெகாவின் ஜிப் டிரைவ் இதற்கு நேர்மாறு. 1995இல் விற்பனைக்கு வந்த அந்த 100 மெகாபைட் டிரைவ், பேரலல், ஸ்கஸி, ஐ.டி.இ., யூ.எஸ்.பி. என்று பல இணைப்புகளில் கிடைத்தது. எதில் எழுதிய வட்டையும் மற்றதில் படிக்கலாம். எழுதும் முறை தொடக்கம் முதலே டிரைவுக்குள் இருந்ததால், வெளியே இணைப்பு மாறியும் எதுவும் கெடவில்லை. ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க்குகளும் இப்படித்தான்; மலிவான ஓர் அடாப்டர் போதும். 1980இல் சீகேட் வெளியிட்ட எஸ்.டி.506 வகை ஹார்ட் டிஸ்க்குகளில் மட்டும் ஃப்ளாப்பியின் அதே தொல்லை உண்டு.

ஃப்ளாப்பிக்குச் சரியான தீர்வு, 34 பின் கேபிளுக்கே திரும்பிப் போனதில் கிடைத்தது. துடிப்புகளுக்குப் பொருள் காண முயலாமல், இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்து அப்படியே பதிவு செய்வது. பொருள் காணும் வேலையைப் பிறகு மென்பொருளிடம் விடுவது. ஜெர்மனியின் கேட்வீசல் அட்டை 1990களிலேயே இந்த வழியில் நடந்தது. பழைய மென்பொருள்களைப் பேணிக்காக்கும் ஆர்வலர்கள் உருவாக்கிய கிரையோஃப்ளக்ஸ், கீர் ஃப்ரேசர் 2019இல் திறந்த மூலமாக வெளியிட்ட கிரீஸ்வீசல் ஆகியவை அதை யூ.எஸ்.பி.க்குக் கொண்டுவந்தன. சாதாரண மூன்றரை அங்குல டிரைவோடு சேர்த்தால், அமிகா வட்டையும் மெக்கின்டாஷ் வட்டையும் இவை படித்துவிடும். ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985இல் அமிகாவில் வரைந்த படங்கள் பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் ஃப்ளாப்பிகளுக்குள் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் கிரையோஃப்ளக்ஸைக் கொண்டு அவற்றை மீட்டனர். செய்தி 2014இல் வெளியானது.

இந்தப் பலகைகளுக்குப் பழைய டிரைவ் வேண்டும். அதிலும் பொருத்தமானதைப் பார்த்தே எடுக்க வேண்டும். ஐந்தேகால் அங்குலத்தில் 360 கிலோபைட் டிரைவுக்கு 40 டிராக், நிமிடத்துக்கு 300 சுற்று. 1.2 மெகாபைட் டிரைவுக்கு 80 டிராக், 360 சுற்று. பின்னதில் முன்னதன் வட்டைப் படிக்கலாம். ஆனால் அதன் தலை பாதி அகலமானது என்பதால், அதில் திருத்தி எழுதிய வட்டைப் பழைய டிரைவ் சரியாகப் படிக்காமல் போகலாம். பூஞ்சை பிடித்த வட்டைத் துடைக்காமல் போட்டால் அழுக்கு தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும்.

இயந்திரம் பழையதாக இருந்து வட்டுதான் கிடைக்கவில்லை என்றால், எதிர்த்திசையில் ஒரு தீர்வு இருக்கிறது. சோனி ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை 2011 மார்ச்சோடு நிறுத்தியது. ஆனால் பூத்தையல் இயந்திரங்களும் ஆலைக் கருவிகளும் ஃப்ளாப்பியைக் கேட்பது நிற்கவில்லை. கோடெக் என்ற சிறு பெட்டி 34 பின் கேபிளில் டிரைவ் போலவே நின்று, முன்பக்கம் செருகிய பென் டிரைவில் உள்ளதை வட்டாகக் காட்டுகிறது. கடையில் வாங்கும்போது அதற்கும் ஐ.பி.எம். வழிக் கணினிகளின் வடிவம் மட்டுமே தெரியும். கீர் ஃப்ரேசரின் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி மென்பொருளை ஏற்றிய பிறகு, அமிகா உள்ளிட்ட பல கணினிகளுக்கு அது டிரைவாகிறது.