மார்கழி வந்தால் கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்வது ஏன்? வெந்நீர் செலவுக் கணக்கு இதோ!

அமெரிக்கா, கனடா பக்கம் குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டையே சூடாக்க வேண்டும். கிராமப்புறங்களில் பலர் தோட்டத்தில் பெரிய டேங்க் வைத்து புரோபேன் வாயுவை நிரப்பிக்கொள்கிறார்கள். கேளம்பாக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. மார்கழி அதிகாலையிலும் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஒன்றரை மாதம் சிலிண்டர் வழக்கத்தைவிட முன்னதாகவே காலியாகிறது. சமையல் கூடியிருக்காது. கூடியது வெந்நீர்.

நம் சிலிண்டரிலும் புரோபேன்தானா?

ஆமாம், ஒரு பகுதி அதுதான். எல்பிஜி என்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த கலவை. இந்தியா தனக்குத் தேவையான எல்பிஜியில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. சவூதி அராம்கோ நிறுவனம் மாதாமாதம் அறிவிக்கும் புரோபேன், பியூட்டேன் விலையும், டாலர் மதிப்பும்தான் இங்கே விலைக்கு அடிப்படை. வீட்டு சிலிண்டருக்கு மட்டும் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே வந்து சேர்வதில்லை, அரசு இடையில் பிடித்து வைக்கிறது. சென்னையில் 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாயாக இருந்த 14.2 கிலோ சிலிண்டர், அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் 918.50 ஆகவும், 2024 மார்ச்சில் 818.50 ஆகவும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868.50 ஆனது. இந்தக் கணக்குக்கு அந்த 868.50-ஐயே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 61 ரூபாய் வருகிறது. உங்கள் பில்லில் வேறு தொகை இருந்தால் 14.2-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கெட் வெந்நீருக்கு எவ்வளவு?

4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 16 லிட்டர் பச்சைத் தண்ணீரில் விளாவினால் ஒரு பக்கெட் இளஞ்சூட்டு நீர் கிடைக்கும், ஏறக்குறைய 40 டிகிரி. அடுப்பின் சூட்டில் சுமார் 60 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது, மிச்சம் ஓரமாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் ஒரு பக்கெட்டுக்கு 45 கிராம் கேஸ், அதாவது 2.75 ரூபாய்.

கேட்க சின்னத் தொகைதான். நாலு பேர், ஆளுக்குத் தினம் ஒரு பக்கெட் என்றால் மாதத்துக்கு 5.4 கிலோ. சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குளியலறைக்கே போகிறது! பணமாக 330 ரூபாய். இதுவும் தண்ணீர் கொதித்தவுடன் அடுப்பை அணைத்தால்தான். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று மூடி போடாமல் விட்டுவிட்டு வாட்ஸ்அப் பார்க்கப் போனால் கணக்கு வேறு.

அப்போ கரண்ட் ஹீட்டர் லாபமா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். அதே பக்கெட்டுக்கு மின்சாரத்தில் சுமார் 0.4 யூனிட் போதும். இரண்டு மாத பில் 500 யூனிட்டுக்குள் அடங்கும் வீடுகளுக்கு, 2024 ஜூலையில் மாற்றியமைத்த கட்டணப்படி 400 யூனிட் வரை யூனிட் 5 ரூபாய்க்குள்தான். ஆக, பக்கெட் 2 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேஸைவிட மலிவு.

ஆனால் நாலு பேருக்கு இரண்டு மாதத்தில் 96 யூனிட் கூடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு என்றால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த பாதி மானியமும் போய்விடும். ஓஎம்ஆர் அடுக்குமாடிகளில் ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் ஓடும் வீடுகளுக்கு அந்த நேரத்தில் கேஸ்தான் தேவலை. ஆகவே ஹீட்டர் வாங்கும் முன் கையில் எடுக்க வேண்டியது பழைய கரண்ட் பில்.

இன்னொன்று, கேளம்பாக்கத்துக்கே உரியது. முகத்துவாரமும் உப்பளமும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரை விட்டால் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து, சூடேற நேரம் கூடும், காயிலும் சீக்கிரம் போகும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்தே பாருங்கள்.

கேஸ் கீசர் வைக்கலாமா?

செலவில் பார்த்தால் அடுப்பைவிட மேல், பக்கெட் 2 ரூபாயைச் சுற்றி வரும். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் எரிந்தால் அங்குள்ள ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உருவாகும். சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த நாற்றம், கசிவு தெரிவதற்காகவே சேர்க்கப்படுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். குளிக்கப் போனவர்கள் இப்படி இறந்த சம்பவங்கள் நாட்டின் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. கீசரை பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்டி, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். வாடகை வீட்டில் உள்ளேயே மாட்டியிருந்தால், பக்கெட்டை நிரப்பி, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றை விட்ட பிறகு குளிக்கப் போங்கள். ஓனரிடம் சொல்லி இடம் மாற்றவும் கேளுங்கள்.

குழாய் கேஸ் வந்தால்?

குழாயில் வருவது எல்பிஜி அல்ல, இயற்கை எரிவாயு. பெரும்பகுதி மீத்தேன். மீட்டர் ஓடும் அளவுக்குத்தான் பணம், நடு மாதத்தில் தீர்ந்துபோகும் கவலை இல்லை. ஆனால் சில அடுக்குமாடிகளில் கீழே சிலிண்டர்களை வரிசையாக வைத்து குழாய் மூலம் எல்பிஜி கொடுப்பார்கள், அதற்கும் மீட்டர் உண்டு. இரண்டும் வேறு வேறு, விலையும் வேறு. எது என்று அசோசியேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோரம் தேங்கும், இயற்கை எரிவாயு மேலே போகும்.

சிலிண்டர் வாசலுக்கு வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை தெரியும். கேஸ் கசிவு சந்தேகம் இருந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்கவும்.