ஆழ்கடலில் ஆபித் ஹஸன்

சூழ்ச்சித் திறம் மிக்கவனைக் கண்டால், 'அவன் சரியான எம்டன்' என்பது திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளிலும் கேட்ட வழக்கு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அங்ஙனம் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. ஆனால், அடுத்த பெரும்போரில் நம் நாட்டார் இருவரைச் சுமந்து சென்ற யூ-180 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கியை அறிந்தோர் இங்கு மிகச் சிலரே. அவ்விருவருள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸை உலகறியும். மற்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸைனுல் ஆபிதீன் ஹஸன். ஆபித் ஹஸன் என்றே அழைக்கப்பெற்ற அன்னாரை நம் சமுதாயமே மறந்திருப்பது வேதனைக்குரியது.

ஜெர்மனியில் பொறியியல் பயின்ற ஹஸன், படிப்பை விட்டுவிட்டுப் போஸின் செயலாளரானவர். 1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 புறப்பட்டது. அதன் தலைவர் வெர்னர் முஸன்பெர்க். பிரிட்டனுக்கு வடக்கே சுற்றி, அட்லாண்டிக்கில் இறங்கி, நன்னம்பிக்கை முனையைக் கடந்து செல்லும் நெடும்பயணம் அது. நீர்மூழ்கியை அரபியில் 'கவ்வாஸா' என்பர். மீன் வயிற்றில் யூனுஸ் நபி அலைஹிஸ்ஸலாம் கண்ட இருளை, இரவின் இருள், கடலின் இருள், மீன் வயிற்றின் இருள் என்று முஃபஸ்ஸிர்கள் விரித்துரைப்பார்கள். இரும்பு வயிற்றில் இவர்கள் பெற்ற துணை டீசல் நாற்றமே.

உணவும் அந்நாற்றத்துக்குத் தப்பவில்லை. கிடங்கைத் துழாவிய ஹஸன் அரிசியும் பருப்பும் கண்டெடுத்துக் கிச்சடி சமைத்தார். போஸோ ஜெர்மானிய அதிகாரிகளையும் அழைத்துப் பகிர்ந்துண்ணத் தொடங்கவே, இருப்பு எத்தனை நாள் தாங்குமோ என்பது ஹஸனின் கவலையாயிற்று! ஒருநாள் எதிரிக் கப்பலொன்று மோத வந்தபோது ஹஸன் பதறி எழுதுகோலை நிறுத்தினார். போஸ் அசையவில்லை, சொன்னதையே இருமுறை சொல்லியும் எழுதவில்லையே என்று கடிந்துகொண்டார்.

இது யாத்திரைக் கலமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 18 அன்று 'கார்பிஸ்' என்னும் பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை இது மூழ்கடித்தது; மாலுமிகள் பலர் மாண்டனர். ஹிட்லரின் கொடுமையை அறிந்த நாம், விடுதலை வேட்கைக்கு வாய்த்த இவ்வாகனத்தைப் புகழ்ந்துரைக்க ஒண்ணாது.

ஏப்ரல் 28 அன்று, மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, கொந்தளிக்கும் கடலில் ரப்பர் மிதவையேறி இருவரும் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29-க்கு மாறினர். மாற்றாக இரு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளும் ஏறத்தாழ 2 டன் தங்கமும் யூ-180-ஐ அடைந்தன. மே மாதம் ஐ-29, சுமத்திராவின் வடமுனையிலுள்ள சபாங்கில் கரை சேர்ந்தது. ஜூலையில் சிங்கப்பூரில் போஸ் விடுத்த அழைப்பை ஏற்று மலாயாத் தோட்டத் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் அத்தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றோர் உண்டு. அவர்கள் வாயில் முழங்கிய 'ஜெய் ஹிந்த்' என்னும் முகமன், ஆபித் ஹஸன் தந்ததென்பர்.

அவரைச் சுமந்த கலங்கள் இரண்டும் 1944-இல் ஒரே மாத இடைவெளியில் அழிந்தன. ஐ-29-ஐ ஜூலை 26 அன்று அமெரிக்க நீர்மூழ்கி 'சாஃபிஷ்' லூசான் நீரிணைப் பகுதியில் மூழ்கடித்தது. சரக்குக் கலமாக மாற்றப்பட்ட யூ-180, ஆகஸ்டு 20 அன்று பிரான்சின் போர்தோவிலிருந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டு, ஓரிரு நாட்களில் பிஸ்கே விரிகுடாவில் மறைந்தது. கண்ணிவெடி என்பாரும், காற்றுக்குழாய்க் கோளாறு என்பாரும் உளர். அதிலிருந்த 56 பேரில் ஒருவரும் மீளவில்லை.

இம்பால் போர்முனையைக் கண்டு மீண்ட ஹஸன், நாடு விடுதலை பெற்றபின் வெளியுறவுப் பணியிலமர்ந்து டென்மார்க்கில் தூதராகவும் விளங்கி, 1984-இல் மறைந்தார்.