கடைசிக் கண்ணி ஒலிபெருக்கி

விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதையில் வில்லியனூர் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராமத் தகவல் திட்டத்துக்கு இவ்வூரே மையமாக இருந்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பைப் பெற்று, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவித்தார்கள்.

2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியது. கிராம இந்தியா உலகுடன் இணைகிறது என்பதே அதன் தலைப்பின் பொருள். ஒலிபெருக்கிக்குத் தலைப்பில் இடமில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நல்லவாடு கிராமத்துக்கு முன்னெச்சரிக்கை தந்தது இணையம் அன்று; சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு. அதை ஊருக்கு உரைத்தது, கடல் நிலவரம் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியே. மக்கள் ஓடித் தப்பினர்.

ஆகவே, இணையத்தின் பயனைப் புகழும் ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது கேளுங்கள்: கணிப்பொறிக்கு வந்த தகவல் மக்கள் காதுக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது?