பழைய இன்சர்ட்டுக்கு ஹோல்டர்: தேடுவதா, செய்வதா?

கோவை கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் பட்டறை நடத்துகிற பலரிடம் இப்படி ஒரு டப்பா உண்டு. மூடிப்போன ஆலையின் ஏலத்தில் மெஷினோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உள்ளே பிரிக்காத கார்பைடு இன்சர்ட்டுகள் புதிதாகவே மின்னும். பிடிக்க ஹோல்டர்தான் இருக்காது. எடைக்குப் போட்டால் கார்பைடுக்கு நல்ல விலை வரும் என்பது உண்மையே. ஆனாலும் முனை மழுங்காத ஒரு டூலை எடைக்குப் போட எந்த டர்னருக்கும் மனம் வராது. இருக்கும் வழிகள் இரண்டு: அந்த இன்சர்ட்டுக்கு உரிய ஹோல்டரைத் தேடுவது, அல்லது பட்டறையிலேயே செய்துகொள்வது.

எந்த வழி என்பதை முதலில் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்துகளிடம் கேட்க வேண்டும். டிஎன்எம்ஜி 160404 என்று இருந்தால் அது ஐஎஸ்ஓ முறைப்படி அமைந்தது. டி என்றால் முக்கோணம்; என் என்றால் பக்கச் சுவருக்குச் சரிவு இல்லை, அதாவது கிளியரன்ஸ் 0 டிகிரி; ஜி என்றால் நடுவில் துளை, இரண்டு முகத்திலும் சிப் பிரேக்கர். எண்களில் 16 விளிம்பின் நீளம், அடுத்த 04 என்பது 4.76 மி.மீ. தடிமன், கடைசி 04 என்பது 0.4 மி.மீ. முனை ஆரம். டிபியுஎன் 160308 என்று இருந்தால் அதுவும் முக்கோணம்தான். ஆனால் பக்கங்கள் 11 டிகிரி உள்சரிவு, துளை கிடையாது, தடிமன் 3.18 மி.மீ. இந்த எழுத்துகள் இருக்கும்வரை இன்சர்ட் எந்தக் கம்பெனியுடையது என்பது பெரிய விஷயமில்லை. ஒருவருடைய இன்சர்ட் இன்னொருவருடைய ஹோல்டரில் உட்காரும். கம்பெனியின் சொந்த எண் மட்டும் இருந்து ஐஎஸ்ஓ எழுத்து இல்லையென்றால்தான் சிக்கல்.

தேடுகிறவர் கேட்க வேண்டியதும் இதே மொழியில்தான். டிஎன்எம்ஜி 16-க்கு பிடிஜிஎன்ஆர் 2525 எம்16. முதல் எழுத்து பி என்பது துளைக்குள் லீவர் போட்டு இழுக்கும் முறை. 2525 என்பது ஷாங்கின் உயரமும் அகலமும். எம் என்றால் 150 மி.மீ. நீளம். டிபியுஎன் 16-க்கு சிடிஜிபிஆர் 2020 கே16. இங்கே சி என்பது மேலிருந்து அழுத்தும் கிளாம்ப், கே என்பது 125 மி.மீ. “முக்கோண டிப்புக்கு ஒரு ஹோல்டர் கொடுங்க” என்று கேட்டு வாங்கியது பொருந்தாமல் போனால் குற்றம் கடைக்காரர் மேல் இல்லை.

பழைய இரும்புக் கடையில் அந்த ஹோல்டர் கிடைத்துவிட்டால் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷாங்கில் துரு இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். ஷிம் உடைந்திருந்தாலும், லீவர் காணாமல் போயிருந்தாலும் தனியாக வாங்கலாம். பார்க்க வேண்டியது சீட் மட்டுமே. ஒரு புது இன்சர்ட்டின் அடியிலும் பின்பக்கச் சுவர்களிலும் புளூ தடவி, உட்கார வைத்து இறுக்கிக் கழற்றுங்கள். நிறம் தரையிலும் இரண்டு சுவரிலும் பரவலாக ஒட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். முனைப் பக்கத்துத் தரையில் மட்டும் நிறம் ஒட்டவில்லையென்றால் அங்கே சீட் அமுங்கிவிட்டது. இறுக்கிய நிலையில் 0.05 மி.மீ. ஃபீலர் இன்சர்ட்டுக்கு அடியில் நுழைந்தால் அந்த ஹோல்டரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அடியில் தாங்கல் இல்லாத முனை முதல் கனமான கட்டிலேயே தெறித்துவிடும்.

இனி செய்கிற வழி. டிஎன்எம்ஜி போன்ற நெகட்டிவ் இன்சர்ட்டுக்குப் பக்கச் சரிவு இல்லாததால் ஹோல்டர்தான் அதைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்; வழக்கமாக இரண்டு திசையிலும் 6 டிகிரி. இல்லையென்றால் விளிம்புக்குக் கீழே உள்ள சுவர் ஜாபில் உரசும். 100 மி.மீ. சைன் பாரில் 6 டிகிரிக்கு 10.45 மி.மீ. ஸ்லிப் கேஜ் வைத்தால் போதும், ஒரு திசைச் சாய்வு சுலபம். இரண்டு திசையிலும் சாய்த்து, அதே செட்டிங்கில் தரையையும் இரண்டு சுவர்களையும் மில் செய்து, அதற்கடியில் லீவருக்கு வளைந்த பாதையும் குடைவதென்றால் ஒரு ஹோல்டருக்காக அவ்வளவு பாடு படுவதில் நியாயமில்லை. இந்த வகை ஹோல்டர் இன்றும் புதிதாகவே விற்கிறது.

டிபியுஎன், அதன் சதுர வடிவமான எஸ்பியுஎன் ஆகியவற்றின் கதை வேறு. சரிவு இன்சர்ட்டிலேயே இருப்பதால் தரையைச் சமமாகவே மில் செய்யலாம். ஈஎன்24 சதுரக் கம்பி நல்லது. பதப்படுத்தி விற்கும் டி நிலையில் வாங்கினால் பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் தேவைப்படாது. ஈஎன்8 போதும் என்பார்கள். போகப்போகத் தரை அமுங்கும், அடியில் கார்பைடு ஷிம் வைத்தால்தான் தாங்கும். தேய்ந்த இன்சர்ட்டையே பச்சைக் கல்லில் சிறிதாக்கி ஷிம் ஆக்கலாம். அந்தத் தூளில் கோபால்ட் இருக்கிறது; மாஸ்க் போடாமல் தேய்க்கக் கூடாது.

பலரும் கோட்டைவிடுவது சுவரில். இன்சர்ட் கீழே போகப்போகக் குறுகுவதால், நேரான சுவரில் அதன் மேல் விளிம்பு மட்டுமே படும். அந்த விளிம்புதான் நாளைக்குத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டிய விளிம்பு. எனவே மில்லிங் ஹெட்டை 11 டிகிரி சாய்த்துச் சுவரை எடுக்க வேண்டும். முடியாவிட்டால் சுவரின் உயரத்தையாவது இன்சர்ட்டின் மேல் விளிம்புக்குக் கீழேயே நிறுத்த வேண்டும். இரண்டு சுவரும் சேரும் மூலையில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால் பின்முனை எதிலும் இடிக்காது. கிளாம்பின் பின்கால் ஒரு நூல் உயரமாக இருந்தால் இறுக்கும்போது அழுத்தம் முன்னால் வந்து இன்சர்ட்டின் மேல் விழும். இந்த இன்சர்ட்டின் மேல்முகம் தட்டையானது. கிளாம்புக்கு அடியில் சிப் பிரேக்கர் தகடு வைக்காவிட்டால் சுருள் உடையாமல் நீளமாக வந்து சக்கைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கையால் இழுத்து விரல் நரம்பு அறுபட்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

பழைய இன்சர்ட்டை ஷாங்கில் பற்ற வைத்துவிடலாமே என்ற யோசனையும் எழும். பூச்சு உள்ள இன்சர்ட்டில் வெள்ளிப் பற்று ஒட்டாது. பூச்சு இல்லாததிலும், சூட்டில் இரும்பு விரிவது கார்பைடைப்போல ஏறக்குறைய இருமடங்கு என்பதால் ஆறும்போது விரிசல் விழ இடமுண்டு. எல்லா விளிம்பையும் திருப்பிப் பயன்படுத்தும் வசதியும் அத்தோடு போய்விடும்.

ஆக, துளையுள்ள நெகட்டிவ் இன்சர்ட்டுக்குத் தேடுங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள். துளையில்லாத, மேல் கிளாம்ப் வகைக்குத் தாராளமாகச் செய்யுங்கள். ஒரு டப்பாவில் பத்து இன்சர்ட் இருந்தாலே டிபியுஎன்னுக்கு முப்பது முனை, எஸ்பியுஎன்னுக்கு நாற்பது முனை கிடைக்கும், ஒரு நாள் உழைப்பு வீணாகாது. கம்பெனியின் சொந்த வடிவத்தில் வரும் பார்ட்டிங் இன்சர்ட்டுகளுக்கு, தானே கவ்விப் பிடிக்கும் பிளேடைக் கையால் செய்ய முயலாதீர்கள். பிடி சற்றே தளர்ந்தாலும் வெட்டும்போது இன்சர்ட் பிடுங்கிக்கொண்டு முகத்துக்கு வரும். உரிய பிளேடு கிடைக்காவிட்டால் அந்த இன்சர்ட்டை எடைக்குப் போடுவதே சரி.

பட்டறையை மூடுகிறவர்களுக்கும் ஏலத்துக்குச் சாமான் பிரிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹோல்டரை இரும்புக் குவியலிலும் இன்சர்ட்டைக் கார்பைடுக் குவியலிலும் பிரித்துப் போடாதீர்கள். ஷிம், லீவர், ஆலன் சாவி எல்லாவற்றையும் இன்சர்ட் டப்பாவோடு ஒரே பையில் கட்டி, மேலே ஹோல்டர் எண்ணை எழுதி விடுங்கள்.