மூன்று தீ, ஒரு பட்டா

சென்னை சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடு வழியாக ஸ்பென்சர் வரைக்கும் போனால் மூணு நாலு கிலோமீட்டர்தான் இருக்கும். அந்தத் தூரத்துக்குள்ளே, பத்தே வருஷத்தில், மூன்று பெரிய கட்டடங்கள் எரிந்தன. 1975ல் எல்.ஐ.சி. 1980களின் தொடக்கத்தில் ஸ்பென்சர். 1985ல் மூர் மார்க்கெட்.

மூன்றும் ஊரே வேடிக்கை பார்த்த தீ. ஆனால் எரிந்து முடிந்த பிறகு நடந்தது மூன்று இடத்திலும் மூன்று மாதிரி. ஒன்று சரிசெய்யப்பட்டு அப்படியே நிற்கிறது. இன்னொன்று அதைவிடப் பெரிய கட்டடமாக எழுந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் இன்று ரயில் டிக்கெட் எடுக்கிறோம்.

ஏன் இந்த வித்தியாசம்? இதைத்தான் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அருள்புரத்தில் உட்கார்ந்துகொண்டு மவுண்ட் ரோட்டை எதற்கு ஆராய்கிறாய் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் எல்.ஐ.சி.

இதைக் கட்ட ஆரம்பித்தபோது எல்.ஐ.சி. என்ற நிறுவனமே கிடையாது. 1953ல் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்த அதே செட்டியார்தான். தன்னுடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் குழுமத்துக்குத் தலைமையகம் வேண்டும் என்று லண்டன் கட்டடக் கலைஞர்களை வைத்து வரைபடம் போட்டார். அடுத்த வருஷமே, 1954 மார்ச்சில், சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956ல் ஆயுள் காப்பீட்டை மத்திய அரசு தேசியமயமாக்கியது. பாதி எழும்பிய கட்டடம் புதிதாகப் பிறந்த எல்.ஐ.சி.யின் கைக்குப் போனது. எல்.எம். சிட்டாலே வேலையை முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார்.

177 அடி உயரம். அன்றைக்கு இந்தியாவிலேயே அதுதான் உயரமான கட்டடம். சுண்ணாம்பும் செங்கல்லுமாக இருந்த ஊரில் கான்கிரீட் தூண்களின் மேல் நின்றது. வெளியூர்க்காரர்கள் மெட்ராஸ் போனால் சமாதி, மியூசியம், பதினாலு மாடி என்று பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். சினிமாவில் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று சொல்ல வசனமே வேண்டாம், அந்தக் கட்டடத்தைக் காட்டினால் போதும்.

1975ல் தீப்பிடித்தது. மேல்மாடிகளுக்கு எட்டுகிற ஏணி இல்லாமல் தீயணைப்புத் துறை திணறியது. ஆனால் மனையும் எல்.ஐ.சி.யுடையது, கட்டடமும் எல்.ஐ.சி.யுடையது, உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்ததும் எல்.ஐ.சி. யாரையும் கேட்க வேண்டியதில்லை. சரிசெய்தார்கள், திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். கதை அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்பென்சர்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மவுண்ட் ரோட்டில் எழுந்த கடை. செங்கல் சிவப்பில், கூர்முனைக் கோபுரங்களோடு, இந்தோ சாரசெனிக் பாணி. வெள்ளைக்காரர்களுக்கு சுருட்டிலிருந்து சோடா வரை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்த இடம். சுதந்திரத்துக்குப் பிறகு மவுசு குறைந்து, 1980களின் தொடக்கத்தில் எரிந்தது.

கட்டடம் போனாலும் மனை கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. அதுவும் நகரத்தின் நடுமையத்தில். அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. 1990களின் தொடக்கத்தில் முதல் பகுதி, அப்புறம் ஒவ்வொன்றாக மற்றப் பகுதிகள். 90களின் கடைசியில் நாங்கள் பி.இ. படித்தபோது சென்னை போய்விட்டு வந்தவன் எவனாக இருந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "பிளாசா போனியா?" என்பதுதான். ஏசி குளிரில் சும்மா சுற்றிவிட்டு வருவதே ஒரு பெருமை.

இங்கே ஒரு கிளைக்கதை இருக்கிறது. பிளாசாவின் கடைகளில் பெரும்பகுதியைத் தனித்தனி ஆட்களுக்கு விற்றுவிட்டார்கள். கட்டும்போது காசு புரட்ட நல்ல வழி. ஆனால் பின்னாடி வந்த மால்கள் ஒரே முதலாளியின் கையில் இருந்ததால் எந்த மாடியில் எந்தக் கடை என்று தீர்மானித்தன, நினைத்தபோது புதுப்பித்தன. பிளாசாவில் நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள். ஒரு லிஃப்டை மாற்றவேண்டும் என்றாலும் எல்லாரும் ஒத்துக்கொள்ளவேண்டும். எங்கள் மென்பொருள் தொழிலில் பழைய புரோகிராம் ஒன்று பத்து டீமின் கையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான். யாரும் இடிக்கவும் முடியாது, யாரும் சரிபண்ணவும் முடியாது. ஆனாலும் கவனியுங்கள், அங்கே கடை வாங்கியவரிடம் பத்திரம் இருக்கிறது. நாளைக்கு பிளாசாவை இடித்துக் கட்டுவதாக இருந்தாலும் அவரைக் கூப்பிட்டுப் பேசாமல் ஒரு செங்கல்லை எடுக்க முடியாது.

இப்போது மூர் மார்க்கெட்.

பிராட்வேயில் பாப்ஹாம் மார்க்கெட் என்று ஒன்று இருந்தது. சுகாதாரக்கேடாக இருக்கிறது என்று அதற்கு மாற்றாகக் கட்டியதுதான் மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898ல் அடிக்கல் நாட்டினார், 1900ல் திறந்தார்கள். ஆக, மூர் மார்க்கெட்டே ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தில் பிறந்த குழந்தைதான். அழுக்காக இருக்கிறது, நெரிசலாக இருக்கிறது, வேறு இடத்துக்குப் போங்கள் என்கிற வசனம் அப்போதே எழுதியாகிவிட்டது.

பழைய புத்தகம், கிராமபோன் ரெக்கார்டு, கூண்டுக் கிளி, மீன் தொட்டி, உடைந்த கடிகாரம், ஜமீன் வீட்டுச் சாமான் என்று மூர் மார்க்கெட்டில் கிடைக்காதது இல்லை என்பார்கள். ஒரு தலைமுறை எழுத்தாளர்களும் மாணவர்களும் அங்கே நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் புத்தகம் வாங்கித்தான் படித்தார்கள்.

கட்டடம் மாநகராட்சியுடையது. கடைக்காரர்கள் வாடகைதாரர்கள். கட்டடத்தைச் சுற்றிக் கடை விரித்தவர்களுக்கு அந்த வாடகைச் சீட்டும் கிடையாது. பக்கத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன், அதை விரிவாக்க ரயில்வேக்கு இடம் வேண்டும். மார்க்கெட்டை எடுக்கிற பேச்சு தீக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1985 மே 30 அன்று எரிந்தது. எப்படி எரிந்தது என்பதைப் பற்றி இன்றுவரை சென்னையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. என்னுடைய கேள்வி தீக்கு மறுநாள் காலையிலிருந்துதான் தொடங்குகிறது.

மறுநாள் காலையில் அந்த இடத்தின் மேல் யாருக்கு உரிமை? கடைக்காரருக்கு இல்லை. அவர் வாடகைக்கு எடுத்த கட்டடமே இப்போது இல்லை. எரிந்த இடத்தில் ரயில்வேயின் பல மாடிக் கட்டடமும் புறநகர் ரயில் நிலையமும் வந்தன. வியாபாரிகளுக்கு ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில், அல்லிக்குளம் இருந்த இடத்தில் வணிக வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு மார்க்கெட்டை நகர்த்த ஒரு குளமும் போனது.

கொஞ்ச தூரம்தானே என்று தோன்றும். மார்க்கெட்டுக்கு அந்தக் கொஞ்ச தூரம்தான் எல்லாம். சென்ட்ரலில் இறங்கி ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, சும்மா ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று வந்த ஆள்தான் மூர் மார்க்கெட்டின் வாடிக்கையாளர். அவர் தேடிக்கொண்டு மாடிப்படி ஏறமாட்டார். அல்லிக்குளம் வளாகத்தில் பின்னாளில் நீதிமன்றங்களும் வந்து சேர்ந்தன. பழைய மார்க்கெட்டின் கூட்டம் திரும்ப வரவில்லை.

பெயர் மட்டும் தப்பித்தது. புறநகர் ரயில் நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். வாகன நிறுத்தத்தில் பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு ஒரு பொம்மை கிடைத்தது. கடைக்காரருக்கு அதுவும் இல்லை.

ஆக, மூன்று தீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை எளிது. எல்.ஐ.சி.யில் உரிமையாளரும் உபயோகிப்பவரும் ஒரே ஆள், அதனால் பழையபடி வந்தார். ஸ்பென்சரில் மனை உரிமையாளரின் கையில் இருந்தது, அதனால் பெரிதாக வந்தார். மூர் மார்க்கெட்டில் உரிமை ஒருவருடையது, பிழைப்பு வேறொருவருடையது. பிழைப்பு மட்டும் வைத்திருந்தவர் போனார். பட்டா யார் கையில் இருந்ததோ அதுதான் சாம்பலுக்குப் பிறகும் மிஞ்சியது.

இதற்குத் தீயே தேவையில்லை என்பதற்கு நடுவில் இருக்கும் ஓமந்தூரார் தோட்டம் சாட்சி. இடம் அரசுடையது. பழைய அரசினர் மாளிகையை இடித்து, 2008ல் புதிய சட்டமன்ற வளாகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அன்றைக்குக் குவிமாடம் முடியாததால் தோட்டா தரணி போட்ட செட்தான் மேலே நின்றது. 2011ல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014 பிப்ரவரியில் அந்தக் கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. நல்லதா கெட்டதா என்ற வாதத்தை விடுங்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் நினைத்தால் ஒரு சட்டமன்றத்தையே காலி செய்ய வைக்கலாம் என்றால், பழைய புத்தகக் கடை எம்மாத்திரம்?

இது விதி, நகரம் என்றால் அப்படித்தான் என்று சொல்பவர்கள் மும்பையைப் பார்க்கலாம். அங்கே பழைய வாடகைக் கட்டடங்களை இடித்துக் கட்டினால், உள்ளே இருந்த வாடகைதாரருக்குப் புதிய கட்டடத்தில் இடம் கொடுத்தாக வேண்டும் என்று வளர்ச்சி விதிகளிலேயே இருக்கிறது. பேண்டி பஜாரில் 16.5 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து ஓர் அறக்கட்டளை புதுப்பித்துவருகிறது. பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கும் குறைந்தது 350 சதுர அடி வீடு சொந்தமாகவே கிடைக்கும் என்பது ஏற்பாடு. அங்கும் தாமதம் உண்டு, தகராறு உண்டு. ஆனால் "இடித்த பிறகு திரும்பி வருவது யார்?" என்ற கேள்விக்கு இடிக்கும் முன்பே காகிதத்தில் பதில் இருக்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது? 2014ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் ஓரளவு நல்ல சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும் என்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவு செய்யவேண்டும் என்கிறது. ஆனால் அரசு, உள்ளாட்சிக் கட்டடங்களை அது தொடாது. அதாவது மூர் மார்க்கெட் மாதிரி ஒரு மாநகராட்சி மார்க்கெட்டில் வாடகைக்கு இருப்பவர் இன்றைக்கும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார். புது வளாகம் கட்டினால் கடைகள் ஏலத்துக்கு வரும். முப்பது வருஷம் அதே இடத்தில் பூ விற்றவரும், நேற்று பணத்தோடு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். இடையில் கட்டுமானம் நடக்கும் இரண்டு மூன்று வருஷத்தில் வாடிக்கை கலைந்துபோயிருக்கும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். 2017ல் திருப்பூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அதிலிருந்து நகரத்தின் நடுப்பகுதி முழுக்க இடிப்பதும் கட்டுவதுமாகவே இருக்கிறது. அருள்புரத்திலிருந்து பல்லடம் ரோட்டில் பஸ் ஏறினால் போய் இறங்குகிற பழைய பஸ் ஸ்டாண்ட் இடித்துக் கட்டப்பட்டு, கலைஞர் பெயரில் மத்தியப் பேருந்து நிலையம் ஆகிவிட்டது. கண்டக்டர் இன்னும் "பழைய பஸ் ஸ்டாண்ட்" என்றுதான் விசில் ஊதுகிறார். மூர் மார்க்கெட் மாதிரியே, பெயர் தப்பித்துக்கொண்டது.

2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீ. சுமார் 50 தற்காலிகக் கடைகள் ஒரே இரவில் சாம்பல். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் மூர் மார்க்கெட்டின் கதையைத் தேட ஆரம்பித்தேன். "தற்காலிகம்" என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். சரக்கு நிரந்தரம், வாடிக்கையாளர் நிரந்தரம், கடன் ரொம்பவே நிரந்தரம். கூரையும் காகிதமும்தான் தற்காலிகம்.

பஜாரோடு இது நிற்பதும் இல்லை. எங்கள் பக்கம் தோட்டத்து ஓரத்தில் ஷெட் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற எத்தனையோ பவர் டேபிள் யூனிட்டுகள், செக்கிங் யூனிட்டுகள், அட்வான்ஸ் கொடுத்த வாய்ப் பேச்சை நம்பித்தான் ஓடுகின்றன. நகரம் பல்லடம் ரோட்டில் இன்னும் கொஞ்சம் நீண்டால், அந்த மனை அடுக்குமாடிக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போகும். இருபது தையல் மெஷினும் நாற்பது பேரின் வேலையும் எந்தக் கணக்கிலும் வராமல் கிளம்பிவிடும்.

புதுக் கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் மழைக்கு நின்றவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். இடிப்பதற்கு முன்னால் யார் யார் எங்கே, எத்தனை அடியில், எத்தனை வருஷமாகக் கடை வைத்திருந்தார்கள் என்று ஒரு பட்டியல். கட்டி முடித்ததும் அவர்களுக்கு முதல் உரிமை, என்ன வாடகைக்கு என்பது உட்பட, எழுத்தில். வரைபடத்துக்கு ஆகிற செலவில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது.

உங்கள் ஊரிலும் ஏதாவது மார்க்கெட்டையோ பஸ் ஸ்டாண்டையோ இடிக்கப்போகிறார்கள் என்றால், இடிக்கும் முன் ஒரு நாள் போய் அந்தப் பட்டியலை நீங்களே எழுதிவையுங்கள். கடையின் பெயர், அளவு, எத்தனை வருஷம். தேதி போட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாவுக்குப் பக்கத்தில் வைக்க, கடைக்காரரிடமும் ஒரு காகிதம் இருக்கட்டும்.